காக்கை இறகும் 183 நாக்குகளும்

போன சனிக்கிழமை காலையிலிருந்து இருட்டும்வரை இறகு சீவினேன். காக்கைச் சிறகிலிருந்து எடுத்த இறகு. எடின்பரோவில் பழைய இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் இரண்டு வருடமாக வார இறுதிகளில் வேலை பழகுகிறேன். இப்போது பட்டறையில் இருப்பது ஒரு ஹார்ப்சிகார்ட். பியானோ வருவதற்கு முன்னால் ஐரோப்பாவின் வீடுகளிலும் அரண்மனைகளிலும் ஒலித்த கருவி அது.

பார்க்கப் பியானோ மாதிரி இருந்தாலும் உள்ளே நடப்பது வேறு. பியானோ தந்தியைச் சுத்தியலால் அடிக்கும். இது வீணைபோல மீட்டும். கட்டையை அழுத்தினால் அதன் பின்முனையில் நிற்கும் மெல்லிய மரச்சட்டம் மேலே எழும். ஜாக் என்று பெயர். அதன் உச்சியில் ஒரு சின்ன நாக்கு, நாக்கில் செருகிய இறகுத் துண்டு. அது தந்தியைச் சுண்டிவிட்டு மேலே போகும். விரலை எடுத்ததும் ஜாக் இறங்கும்; நாக்கு பின்னால் மடங்கி, இறகு இன்னொரு தரம் சுண்டாமல் தந்தியைத் தாண்டி நழுவிவிடும். மடங்கிய நாக்கை மறுபடி நிமிர்த்துவது ஒற்றைப் பன்றி மயிர்! 61 ஸ்வரம், ஸ்வரத்துக்கு மூன்று தந்தி. ஆக 183 ஜாக், 183 இறகு.

ஒவ்வொரு இறகையும் அடிப்பக்கத்தில் கத்தியால் சீவிச் சீவித்தான் ஒலியைக் கொண்டுவர வேண்டும். தடிமனாக விட்டால் கட்டை கனக்கும், ஒலி அறையும். ஒரு சீவு அதிகமானால் சத்தம் சவலையாகிவிடும், அந்த இறகைத் தூக்கிப்போட வேண்டியதுதான். எல்லாம் சரியாக வந்தபிறகு துளி ஆலிவ் எண்ணெய் தடவுவோம், காய்ந்து ஒடியாமல் இருக்க. பக்கத்துக் கட்டையோடு ஒலி ஒத்துப்போகிறதா என்று எந்த அளவுகோலும் சொல்லாது. காதுதான் சொல்லும். இன்று பெரும்பாலும் டெல்ரின் என்ற பிளாஸ்டிக் போடுகிறார்கள், நீண்ட நாள் உழைக்கும், தப்பே இல்லை. ஆனால் இறகு தந்தியை விட்டு விலகும் அந்தக் கணத்தில் விரலுக்குக் கிடைக்கும் மென்மையை நான் பிளாஸ்டிக்கில் உணர்ந்ததில்லை.

நான் இறகு போட்டுக்கொண்டிருப்பது ஒரு நகலுக்கு. மூலம் இதே ஊரில், செயின்ட் சிசிலியாஸ் ஹாலில் இருக்கிறது. கச்சேரிக்கென்றே 18ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம் அது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இசைக்கருவிகள் அங்கே இருக்கின்றன. ரேமண்ட் ரஸ்ஸல் என்பவர் சேர்த்துவைத்த ஹார்ப்சிகார்டுகளும், அதே காலத்து இன்னொரு கட்டைக் கருவியான கிளாவிகார்டுகளும் அவர் இறந்தபின் 1964இல் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. அவற்றில், பாரிஸில் பாஸ்கல் டாஸ்கின் 1769இல் செய்த ஹார்ப்சிகார்ட்தான் எங்கள் நகலின் மூலம். உலகத்தில் எத்தனையோ பட்டறைகள் அதை அளந்து நகல் செய்திருக்கின்றன. முதல் தடவை அதன் ஒலியை நேரில் கேட்டபோது, நகல்கள் எதைத் தேடி அலைகின்றன என்று புரிந்தது.

அதே தொகுப்பில் இருக்கும் இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஆண்ட்வெர்ப் நகரின் ரக்கர்ஸ் குடும்பத்தில் வந்த இயோன்னஸ் ரக்கர்ஸ் 1638இல் செய்தது. டாஸ்கினுடையதைப் போல இதிலும் இரண்டு கட்டை வரிசைகள். மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல், சுருதியில் ஸ-வுக்கும் ம-வுக்கும் உள்ள தூரம் தள்ளி நிற்கும். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. கிடைத்த ரக்கர்ஸ் கருவிகளையெல்லாம் பிரித்து, வரிசைகளை நேராக்கி, கட்டைகளைக் கூட்டி, பெட்டியையும் அகலமாக்கினார்கள். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் இதுவே ஒரு தனித் தொழில், டாஸ்கினும் செய்தவர்தான். வரிசைகள் நேராக்கப்படாமல் தப்பியதால்தான் 1638 கருவி இன்று நமக்கு விஷயம் சொல்கிறது. அதை ‘சரி’செய்திருந்தால் ஒரு சாட்சி போயிருக்கும்.

போன சாட்சிகளும் உண்டு. பியானோவைக் கண்டுபிடித்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி செய்த பியானோக்களில் மிஞ்சியவை மூன்றே: நியூயார்க்கில் 1720ஆம் வருடத்தது, ரோமில் 1722, லைப்சிக்கில் 1726. நியூயார்க்கில் இருப்பதற்கு 1938இல் ஒலிப்பலகையையே மாற்றினார்கள். ஒலிப்பலகைதான் கருவியின் குரல்வளை. கிறிஸ்டோஃபோரி அதில் கேட்ட ஒலி இனி யாருக்கும் கேட்காது. மாற்றியவர்கள் கருவி மறுபடி ஒலிக்க வேண்டும் என்ற ஆசையில் செய்திருப்பார்கள். அந்த ஆசை எனக்கும் இருப்பதால்தான் இதை நினைக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

இதே ஆசையைப் போன குளிர்காலத்தில் பட்டறையிலேயே பார்த்தேன். ஒருவர் 18ஆம் நூற்றாண்டு ஸ்பினெட் ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்பினெட் என்றால் ஹார்ப்சிகார்டின் தங்கை, சின்ன வீட்டுக்கு ஏற்றது. பல வருடம் அறை வெப்பமூட்டியை ஒட்டி நின்றிருக்கிறது. வறண்ட காற்றில் ஒலிப்பலகை சுருங்கி, நீளவாக்கில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பேத்தி வாசிக்க வேண்டும், புதுத் தந்தி போட்டுக்கொடுங்கள் என்றார். என் ஆசான் இரண்டு வாரம் அதைத் தொடவே இல்லை, அளந்து வரைந்துகொண்டே இருந்தார். தந்திகளின் இழுவிசையை அந்தச் சட்டம் இனித் தாங்காது. கடைசியில் வெடிப்பு மேலும் பிளக்காமல் மட்டும் செய்துவிட்டு, வரைபடத்தை வைத்துப் புதிதாக ஒன்று செய்து தருகிறேன் என்றார். கொண்டுவந்தவருக்கு ஏமாற்றம்தான். பழையது அவர் வீட்டில், வெப்பமூட்டியிலிருந்து தள்ளி, மௌனமாக இருக்கிறது. பேத்தி வாசிக்கப்போகும் புதியதற்கு இப்போதுதான் மரம் அறுத்திருக்கிறோம்.

இந்த விஷயத்தில் என் கட்சி இதுதான்: தாங்கும் கருவி ஒலிக்க வேண்டும், தாங்காததை நிம்மதியாக விட வேண்டும், எது எது என்று சொல்லத் தெரிந்த கைகளுக்குத்தான் முதலில் பணம் போக வேண்டும். கண்ணாடிப் பேழை வாங்கக் கிடைக்கும் பணம், இறகு சீவக் கற்றுக்கொள்ள வரும் இளைஞனுக்குச் சம்பளம் கொடுக்கக் கிடைப்பதில்லை. ஜெர்மனியில் ஆர்கன் என்ற காற்றுக்குழாய்க் கருவியைச் செய்யும் கலையும் அதன் இசையும் 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறின. கருவியை மட்டும் சேர்க்காமல் செய்யும் வித்தையைச் சேர்த்தார்களே, அது எனக்குப் பெரிய ஆறுதல்.

கிளாவிகார்டைப் பற்றி எழுத உட்கார்ந்துதான் இவ்வளவும் எழுதிவிட்டேன். விரல் கட்டையில் இருக்கும்வரை பித்தளைத் தகடு தந்தியைத் தொட்டுக்கொண்டே இருக்கும், அழுத்தி அசைத்தால் ஸ்வரம் நடுங்கும். நம் காதுக்குக் கமகம் என்றே தோன்றும். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

சனிக்கிழமை மாலை மேல் வரிசையில் கடைசி ஐந்து கட்டைகள் மிச்சம் இருந்தன. அங்கே தந்தி குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்கும், இறகும் அதற்கேற்ற மாதிரி இளைக்க வேண்டும். நாலு வந்துவிட்டது. ஐந்தாவதற்கு மூன்று இறகு வீணாயிற்று. ஆசான் ஒன்றும் சொல்லாமல், டப்பாவில் தேடி, நுனிப்பக்க இறகு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு விளக்கை இன்னும் பக்கத்தில் நகர்த்தினார்.