பூஜ்யத்தை நெருங்கி அளப்பவர்கள்

மார்ச் 4

நியூட்ரானின் மொத்த மின்னூட்டம் பூஜ்யம். ஆனால் உள்ளே இருக்கும் குவார்க்குகள் என்ற சிறு துகள்களுக்கு மின்னூட்டம் உண்டு. நேர் ஒரு பக்கமும் எதிர் மறுபக்கமும் துளியாவது விலகியிருந்தால், நியூட்ரானுக்கு மின் இருமுனைத் திருப்புத்திறன் வந்துவிடும். சமச்சீர்மை விதிகளின்படி அதற்கு வாய்ப்பே இல்லை என்று அன்று எல்லாரும் நம்பினார்கள். 1950-ல் இயற்பியலாளர்கள் எட்வர்ட் பர்செலும் நார்மன் ராம்சேயும், அதை யாராவது அளந்து பார்த்தார்களா என்று கேட்டார்கள். மாணவர் ஜேம்ஸ் ஸ்மித்தையும் சேர்த்துக்கொண்டு அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையில் அளந்தார்கள். எதுவும் தென்படவில்லை. முடிவு அச்சேறியது 1957-ல்தான், இட வல சமச்சீர்மை (இயற்கை தன் கண்ணாடிப் பிம்பத்தோடு ஒத்துப்போகும் என்ற விதி) உடைந்த செய்தி வந்த பிறகு. இந்த மூவர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை.

மார்ச் 6

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? காலத்தைப் பின்னோக்கி ஓட்டினால் துகளின் தற்சுழற்சி திசை மாறும். மின்னூட்டப் பிரிவு மாறாது. ஆகவே இந்தத் திருப்புத்திறன் பூஜ்யம் இல்லையென்றால் காலச் சமச்சீர்மை உடைந்ததாகப் பொருள். அண்டத்தில் எதிர்ப்பொருள் அருகி, பொருள் மட்டும் மிஞ்சியதற்கு இப்படிப்பட்ட உடைவு தேவை என்று இயற்பியலாளர் சகாரோவ் 1967-லேயே காட்டினார். துகள்களையும் விசைகளையும் விளக்கும் இன்றைய கோட்பாடான ஸ்டாண்டர்ட் மாடலில் உள்ள உடைவு அதற்குப் போதாது. எலக்ட்ரானின் திருப்புத்திறனுக்கு அந்த மாடல் தரும் மதிப்போ இன்றைய எந்தக் கருவிக்கும் எட்டாத அளவுக்குச் சிறியது. அப்படியென்றால், எலக்ட்ரானில் எதையாவது கண்டால் அது நமக்கு இதுவரை தெரியாத துகளின் வேலைதான்!

மார்ச் 9

இன்று முழுக்க சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்து அளவீடு. நொடிக்குச் சில மீட்டர் வேகத்துக்கு மட்டுப்பட்ட நியூட்ரான்களை ஒரு கலத்தில் அடைத்து, சுமார் மூன்று நிமிடம் வைத்திருக்கிறார்கள். மெல்லிய காந்தப்புலத்தில் ஒவ்வொன்றும் பம்பரம்போல நொடிக்கு ஏறக்குறைய 30 முறை தலைசுற்றுகிறது. மின்புலத்தைத் திருப்பிப்போட்டால் அந்த வேகம் மாறுகிறதா என்பதுதான் கேள்வி. காந்தப்புலம் கொஞ்சம் ஆடினாலும் ஏமாந்துபோகலாம். அதனால் அதே கலத்தில் பாதரச அணுக்களையும் விட்டுக் கண்காணிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கட்டம். தரவுகளில் ரகசியமாக ஒரு பொய் எண்ணைக் கலந்து, இரண்டு குழுக்களிடம் தனித்தனியாகக் கொடுத்தார்கள். இரு குழுக்களுக்கும் வெவ்வேறு எண். விருப்பத்துக்கு ஏற்ப விடை வளைந்துவிடாமல் இருக்கத்தான் இத்தனை கட்டுப்பாடு. 2020-ல் வந்த முடிவு: மீண்டும் பூஜ்யம்தான். இருந்தாலும் 1.8 × 10⁻²⁶ (எலக்ட்ரான் மின்னூட்டம் × செ.மீ.) என்ற உச்சவரம்பு கிடைத்தது. குவார்க்குகளைப் பிணைக்கும் வலிய விசையில் காலச் சமச்சீர்மையை உடைக்கக்கூடிய கோணம் ஏன் 10⁻¹⁰-க்கும் கீழே ஒடுங்கிக் கிடக்கிறது என்ற புதிர் இங்கிருந்துதான் இன்னும் கூர்மையாகிறது. ஆக்சியான் என்ற, இதுவரை கண்டறியப்படாத துகளைத் தேடுவதே அந்தப் புதிருக்கு விடை காணத்தான்.

மார்ச் 10

எலக்ட்ரான் பக்கம் கொலராடோவின் ஜிலா ஆய்வகம். ஹாஃப்னியம் ஃபுளோரைடு அயனிகளைச் சுழலும் மின்புலத்தில் பிடித்துவைத்து, மூன்று நொடி வரை கவனிக்கிறார்கள். மூலக்கூறுக்குள் எலக்ட்ரான் உணரும் புலம் செ.மீ.க்கு சுமார் 2,300 கோடி வோல்ட். எந்த மின்முனையாலும் அதைத் தர முடியாது. 2023-ல் வந்த வரம்பு, அதே அலகில், 4.1 × 10⁻³⁰. ஓர் ஆய்வக அறைக்குள் அடங்கும் கருவி, பெரிய துகள் மோதுவியால் உருவாக்க முடியாத அளவுக்குக் கனமான துகள்களைப் பற்றியும் பேசுகிறது.

மார்ச் 12

பால் ஷெரரில் அடுத்த கருவி: ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கலங்கள், எதிரெதிர்த் திசையில் மின்புலம். குறி, அதே அலகில், 10⁻²⁷. அதிலும் பூஜ்யமே வந்தாலும், அந்தக் கட்டுரையை வந்த அன்றே படித்துவிடுவேன்.