எடை பார்க்கும் மேசையிலிருந்து

குழந்தைகள் நல மருத்துவரின் அறைக்கு வெளியே உயரமும் எடையும் பார்த்துக் குறித்துத் தரும் செவிலியாக நான் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் எடையை உரக்கப் படிப்பது என் வழக்கம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி செருப்பையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்தபடி கருவியில் ஏறினாள். நான் எண்ணைச் சொன்னதும் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் அடுத்த முறை வரவேயில்லை. அதன் பிறகு நான் எண்ணை எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எண்ணை மட்டும் பார்த்து எதையும் சொல்லவும் முடியாது. 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வரைபடத்தில், வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய உடல் நிறை குறியீட்டெண் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது) நடுக்கோட்டிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்கு (நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளக்கும் புள்ளியியல் அலகு) மேல் போனால் அதிக எடை, இரண்டுக்கு மேல் போனால் உடல் பருமன். "தைராய்டாக இருக்குமோ?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. மருத்துவரோ முதலில் உயரத்தைத்தான் பார்ப்பார். தைராய்டு குறைந்த குழந்தையின் உயர வளர்ச்சி மந்தப்படும், மற்றபடி பருத்த குழந்தைகள் பெரும்பாலும் வயதை மீறி வளர்ந்திருப்பார்கள். கழுத்தின் பின்புறம் படர்ந்த கருமையை அழுக்கென்று நினைத்துத் தோல் சிவக்கத் தேய்த்துவிட்ட தாய்மார்களையும் கண்டிருக்கிறேன். அது இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கக்கூடும் என்று சொன்னால், சோப்பை மாற்றவேண்டுமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டால் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே பதில்தான் வரும்: ஒன்றுமே சாப்பிடுவதில்லை. ஆகவே, நேற்று கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை நடந்ததை மணிவாரியாகக் கேட்கிறேன். அப்போதுதான் குளிர்பானம் வெளியே வருகிறது. குடிப்பதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. 330 மில்லி இனிப்புக் குளிர்பானத்தில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு நாளைக்கு 1,600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு, சேர்க்கப்படும் சர்க்கரைக்கான உச்சவரம்பு, மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 40 கிராம்தான்.

அப்படிக் கேட்டபோதுதான் ஏழு வயதுப் பையன் ஒருவன், "அப்பா வந்தப்புறம்தான் தூங்குவேன்" என்றான். அப்பா வேலை முடிந்து வரும்போது இரவு பதினொன்றரை. அதுவரை கைப்பேசி, இடையிடையே பிஸ்கட், அப்பாவோடு இரண்டாவது சாப்பாடு. காலை ஆறரைக்கு எழுப்பிவிடுவார்கள். இந்த வயதுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும், தூக்கம் குறைந்தால் பசி கூடும். பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பது உண்மைதான், ஆனால் அப்பாவைப் பார்க்கக் காத்திருந்த பிள்ளையைப் பெருந்தீனிக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் குளிர்பானத்தை நிறுத்தினார்கள். அப்பாவுடனான நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டு ஒன்பதரைக்கே படுக்கவைத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து வந்தபோது அதே எடை. "ஒரு கிலோகூடக் குறையவில்லையே" என்று அம்மா கலங்கினார். பையன் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான். வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி, பழைய புள்ளியையும் புதிய புள்ளியையும் காட்டினேன்.