டேங்க் காலி, தண்ணீர் காலி இல்லை

ஐப்பசி பிறந்தால் எனக்கு இரண்டு வேலை. மொட்டை மாடி வடிகுழாயில் அடைத்திருக்கும் வேப்பிலையை அள்ளுவது ஒன்று, வண்டியிலிருந்து தண்ணீரை இறக்குவது இன்னொன்று. வண்டி என்றால் பழைய டெம்போ டிராவலர். சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு குட்டி சிங்க், பின்கதவு ஓரமாக ஷவர், தளத்துக்கு அடியில் 100 லிட்டர் டேங்க், 10 லிட்டர் கீசர், 12 வோல்ட் மோட்டார் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. தை முதல் புரட்டாசி வரை ஏலகிரி, கொல்லிமலை என்று சுற்றும். அடைமழை வந்துவிட்டால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும்.

முதல் வருஷம் நான் எதையும் இறக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் நிறுத்தும்போது டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது, நல்ல தண்ணீர்தானே, மூடியும் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். பொங்கல் முடிந்து சிங்க் குழாயைத் திறந்தால் முதலில் காற்று, அப்புறம் பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டின் வாடை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் டேங்க் மூடியைக் கழற்றி செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீரின் மேல்மட்டத்தில் குட்டிக் குட்டியாக ஏதோ தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன, வெளிச்சம் பட்டதும் அத்தனையும் நெளிந்துகொண்டு ஆழத்துக்குப் போயின. கொசுப் புழு! டெங்கு ஆய்வுக்கு வருகிற அம்மா பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மாடித் தொட்டி எல்லாம் பார்த்துவிட்டுப் போயிருந்தார், வண்டிக்குள் ஒரு தொட்டி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும். டேங்கின் ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் நான் வலை கட்டவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இப்படி அசையாத நல்ல தண்ணீர்தான் வேண்டும், முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நான் மூன்று மாதம் கொடுத்திருந்தேன்.

இதை கனடாவில் கால்கரியில் இருக்கும் மச்சினனிடம் சொன்னேன். அவனும் ஒரு மோட்டார்ஹோம் வைத்திருக்கிறான். “மாமா, அதெல்லாம் இறக்காம எப்படி நிறுத்துனீங்க?” என்று அவன் கேட்ட தொனியே வேறு. அவர்களுக்கு இது விளையாட்டில்லை. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும், அந்த அழுத்தத்தில் மோட்டார் தலை, குழாய், கீசர் எது வேண்டுமானாலும் விரிசல் விடும், அதுவும் பனி உருகி அடுத்த முறை தண்ணீர் நிரப்பும்போதுதான் தெரியும். அதனால் இலையுதிர் காலத்திலேயே எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, கீசருக்குள் போகாதபடி வால்வைத் திருப்பிவிட்டு, குழாய்கள் வழியே ரோஸ் நிறத்தில் ஒரு திரவத்தை ஓட்டுகிறார்கள். அது புரொப்பிலீன் கிளைக்கால், குளிரில் எளிதில் உறையாது. கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது விஷம், குடிக்கிற குழாயில் ஊற்றவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னான். நானும் ஆர்வக்கோளாறில் அந்த ரோஸ் திரவத்தை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன், வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு “கடலூர்ல பனிக்கட்டியா விழப்போகுது?” என்றாள். மார்கழியில் 20 டிகிரியைத் தொட்டாலே மஃப்ளர் சுற்றுகிற ஊர் இது. சரி, திரவம் வேண்டாம், இறக்குவது மட்டும் போதும்.

இறக்குவது என்றால் அடியில் வால்வைத் திறந்துவிட்டால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். தென்னை மரத்தடிக்கு ஓஸ் போட்டேன், முக்கால் மணி நேரத்தில் டேங்க் காலி. மோட்டாரைப் போட்டு சிங்க் குழாயைத் திறந்து, அது இருமி இருமி காற்று துப்பும் வரை விட்டேன். வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்த மச்சினன், “கீசர் வடிகால் பிளக்கைத் திறந்தீங்களா மாமா?” என்றான். சுடுதண்ணீர் குழாயில் காற்றுதானே வருகிறது, அதுவும் காலிதான் என்றேன். இல்லையாம். கீசரில் பச்சைத் தண்ணீர் அடியில் நுழைகிறது, சுடுதண்ணீர் மேலே இருக்கும் வாய் வழியே வெளியேறுகிறது. புதுத் தண்ணீர் வந்து தள்ளினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும், தள்ள ஆள் இல்லையென்றால் அந்தப் பத்து லிட்டரும் அப்படியே உட்கார்ந்திருக்கும். எனக்கு இது சுத்தமாகத் தோன்றவே இல்லை.

கீசரை முந்தின நாளே அணைத்து ஆறவிட்டிருந்தேன், அது முக்கியம், சூட்டோடும் அழுத்தத்தோடும் பிளக்கைக் கழற்றினால் கை வெந்துவிடும். ஸ்பேனர் போட்டுத் திருகினேன். முதலில் நூல் மாதிரி ஒழுகியது, மேலே சுடுதண்ணீர் குழாயைத் திறந்ததும் காற்று போய், குளுக் குளுக்கென்று வாளியில் கொட்ட ஆரம்பித்தது. கடைசியில் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டது மாதிரி வெள்ளைச் சில்லுகள். எங்கள் போர் தண்ணீரின் உப்பு. காலி என்று நான் சத்தியம் பண்ணிய கீசரிலிருந்து ஒரு வாளி.

அப்புறம் மோட்டாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம், அதில் அரை டம்ளர். மிக்ஸர் குழாயை நடுவில் வைத்துத் திறந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், ஒரு தடவை சுடுபக்கம் முழுக்க, ஒரு தடவை பச்சைப் பக்கம் முழுக்க. சிங்குக்கு அடியில் வளைந்த குழாயில் மட்டும் தண்ணீரை விட்டுவைக்கிறேன், அது வறண்டால் கழிவு டேங்க் வாடையும் கரப்பானும் மேலே வந்துவிடும். அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றிவிட்டால் சீக்கிரம் ஆவியாகாது, புழுவும் மூச்சுவிட முடியாது.

மச்சினன் சொன்னதில் ஒன்று மட்டும் இங்கே சரிப்படவில்லை. வடிகால் வால்வைத் திறந்தே விடுங்கள் என்றான், அவன் ஊரில் அப்படித்தான். நானும் விட்டேன். அது 2024. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை, எங்கள் தெருவிலும் முழங்கால் வரை நின்றது. காலி டேங்குக்குள் தெருத் தண்ணீர் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டது. இப்போது இரண்டு நாள் திறந்து காயவிட்டு மூடிவிடுகிறேன், ஓவர்ஃப்ளோவில் கொசுவலைத் துணி, மேல் மூடி மட்டும் வலையோடு திறந்திருக்கும்.

தையில் திரும்ப எடுக்கும்போது 100 லிட்டருக்கு, கிருமி கொல்லும் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 100 மில்லி கலந்து நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும் வரை ஓட்டி, நாலைந்து மணி நேரம் ஊறவிட்டுக் கொட்டிவிடுவேன், பிறகு இரண்டு தடவை நல்ல தண்ணீர். உப்புக் கறைக்கு வினிகர் போடுவதானால் அது வேறொரு நாள், இதோடு சேர்த்தால் விஷவாயு வரும். தென்னைக்கும் இந்தத் தண்ணீர் வேண்டாம்.

இந்த வருஷம் போன ஞாயிறு இறக்கினேன். கீசர், வடிகட்டி, இரண்டு பக்கக் குழாய், எல்லாம் முடித்து தார்ப்பாயைக்கூட விரித்தாகிவிட்டது. மச்சினன் போனில், “ஷவர் ஓஸ்?” என்றான். கொக்கியிலிருந்து எடுத்துக் கீழே தொங்கவிட்டேன். ஒரு டம்ளர் இருக்கும், அப்படியே என் காலில்.