ரேடியோப் பெட்டிக்குள் ஒரு கணினி

2024 ஜூன் 8, சனி

கண்ணாடிக் குழல்களான வால்வுகளால் இயங்கிய பழைய ரேடியோவின் மரப்பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. சேஸியும் (உள் உலோகச் சட்டம்) வால்வுகளும் என்றோ கழற்றப்பட்டுவிட்டதால் இதைக் கணினிக்குக் கூடாக்கத் தடையில்லை. மீண்டும் பாடக்கூடிய ரேடியோ ஒன்றைக் குடைவதை நான் ஏற்கமாட்டேன். தைவானின் வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த மினி-ஐடிஎக்ஸ் என்ற மதர்போர்டு (கணினியின் தாய்ப்பலகை) அளவு, அதாவது 17 செ.மீ. சதுரம், இதற்குள் தாராளமாக அமர்கிறது. அதே நிறுவனம் பின்னர் 12 செ.மீ. சதுர நானோ-ஐடிஎக்ஸையும், 2007-இல் 10 செ.மீ.க்கு 7.2 செ.மீ. என்ற பிக்கோ-ஐடிஎக்ஸையும் வெளியிட்டபோதிலும், கடையில் எளிதாகக் கிடைப்பது இன்றும் மினிதான்.

2024 ஜூன் 15, சனி

இன்று முழுவதும் வெப்பத்தைப் பற்றியே யோசித்தேன். பெட்டியின் பின்பலகையில் மேலும் கீழும் துளைகள் உள்ளன; வால்வுகளின் சூட்டில் காற்று இலேசாகி மேல்துளைகள் வழியே வெளியேற, கீழ்த்துளைகள் வழியே குளிர்ந்த காற்று நுழையும் வண்ணம் அன்றே வகுத்திருக்கிறார்கள். வால்வு ரேடியோ பல பத்து வாட் மின்சாரம் எடுத்தது. நான் தேர்ந்த போர்டில் உள்ள இன்டெல் என்100 செயலிக்குக் குறித்துள்ள வெப்ப அளவோ 6 வாட் மட்டுமே. ஆகவே மின்விசிறி தேவையில்லை. ஆனால் போர்டைப் படுக்கவைத்தால் ஹீட் சிங்க்கின் (செயலியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகம்) தகடுகளுக்கிடையே காற்று தேங்கும்; தகடுகள் மேல்நோக்கி ஓடும்படி அதை நிறுத்தி வைப்பதே பொருத்தம். புதுக்கூடு செய்பவர்கள் அழகுக்காக முகப்பில் துளையிடுவதைவிட, பெட்டி ஏற்கெனவே வைத்திருக்கும் காற்றுவழியைப் படித்தறிவது மேல் என்று உறுதியாக நினைக்கிறேன்.

2024 ஜூன் 23, ஞாயிறு

மரம் மின்கடத்தாப் பொருள்; போர்டின் திருகுத்துளைகளுக்குப் பொதுவான உலோகத்தளம் வேண்டும் என்பதால் அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, அதில் பித்தளை ஸ்டாண்ட்-ஆஃப்களை (போர்டைத் தகட்டிலிருந்து உயர்த்தி நிறுத்தும் குட்டித் தூண்கள்) பொருத்தி, போர்டை நான்கு திருகுகளால் இறுக்கினேன். மின்சாரம் மடிக்கணினிக்குரிய 19 வோல்ட் அடாப்டரிலிருந்து வருகிறது. 230 வோல்ட் மரப்பெட்டிக்குள் நுழையவே கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மரம் வானொலி அலைகளை உலோகம்போலத் தடுப்பதில்லையாகையால், வைஃபை ஆண்டெனா உள்ளேயே இருக்கலாம்.

2024 ஜூன் 30, ஞாயிறு

முழுச் சுமையில் நெடுநேரம் ஓடவிட்டும் செயலி 71 டிகிரியைத் தாண்டவில்லை. அடுத்த வேலை முகப்புக் குமிழ்: பழைய ஒலிக்குமிழின் அச்சில் சுழற்சியை மின்குறிப்பாக மாற்றும் ரோட்டரி என்கோடர் ஒன்றை மாட்டி, சிறு மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சில்லில் அடங்கிய குட்டிக் கணினி) வழியாக யுஎஸ்பியில் இணைத்தால், அதே குமிழைத் திருப்பிக் கணினியின் ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.