புடவை கட்டிய பெரியநாயகி மாதா

கோணான்குப்பத்துப் பெரியநாயகி மாதா புடவை கட்டியிருப்பாள். கையில் குழந்தை இயேசு. விருத்தாசலம் பக்கம் போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய சுரூபம் இது. ஜனவரித் திருவிழாவில் கூட்டம் நெருக்கும் என்பதால், சாதாரண நாளொன்றில் போய் முழங்காலில் நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா, மொட்டை போட்ட பேரனின் தலையைத் தொட்டு ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார்.

மாதாவை இந்தக் கோலத்தில் இங்கே கொண்டுவந்தவர் வீரமாமுனிவர். சுரூபத்தை மணிலாவிலிருந்து வரவழைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இத்தாலியில் 1680-இல் பிறந்து, 1710-இல் இந்தியாவுக்கு வந்த இயேசு சபைத் துறவி அவர். பண்பாட்டோடு ஒட்டிய விசுவாசம் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். கத்தோலிக்கத் திருச்சபையின் பெருங்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962–65) இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே அவர் அதைச் செய்து காட்டிவிட்டார்.

அங்கே செபமாலை சொல்லும்போது என் மனம் வீரமாமுனிவர் பாடிய தேம்பாவணி காப்பியத்துக்குப் போனது. அதைக் கவனச்சிதறல் என்று நான் நினைக்கவில்லை. மாதாவுக்குப் புடவை கட்டிய அதே பக்திதான் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரை 3,615 பாடல்களில் தமிழ்க் காப்பியத் தலைவனாக்கியது. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று நம் காப்பிய மரபுப்படியே யூதேயாவைப் பாடத் தொடங்குகிறார் முனிவர்.

பத்தாம் வகுப்பில் தேம்பாவணிப் பாடத்தைப் படித்தவர்களுக்குக் கருணையன் நினைவிருப்பான். அவன் வேறு யாருமல்ல, இயேசுவின் உறவினரான திருமுழுக்கு யோவான்தான். காட்டில் தாய் எலிசபெத்தை அடக்கம் செய்துவிட்டு அழுகிறான். மழைத்துளி இல்லாமல், மணி பிடிக்கும் முன்பே காய்ந்துபோன இளம்பயிராகிவிட்டேன் என்கிறான். எலிசபெத்தின் மரணம் நற்செய்தி நூல்களில் இல்லை. ஆனால் வானம் பார்த்த பூமியில் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் எவருக்கும் அந்தத் துக்கம் உடனே புரியும். வார்த்தை மனுவுருவானார், அதாவது கடவுளே இயேசுவாக மனிதரானார் என்று நாம் விசுவசிக்கிறோம். அவருடைய உறவுகளின் கண்ணீர் நம் வயற்காட்டு மொழியில் வருவதை அந்த விசுவாசத்தின் தொடர்ச்சியாகவே பார்க்கிறேன்.

இவ்வளவு பெரிய செல்வம் பள்ளிப் பாடத்தோடு நின்றுபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நம் ஆலயங்களில் அது ஒலிக்க வேண்டும். மார்ச் 19 சூசையப்பர் திருநாளில், திருப்பலிக்கு அப்புறம் தேம்பாவணியிலிருந்து நாலைந்து பாடல்களைப் பொருளோடு வாசிக்கலாமா என்று எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார். கருணையனின் புலம்பலிலிருந்து தொடங்கப்போகிறோம்.