ஓர் அலுவலகத்துக்கு வலையமைப்பு திட்டமிட்ட அனுபவம்

மூன்று தளங்களும் ஏறத்தாழ எண்பது பணியாளர்களும் கொண்ட ஒரு நிறுவனத்தின் உள்ளக வலையமைப்பைப் புதிதாகத் திட்டமிடும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முதலில் கையில் கொடுக்கப்பட்டது ஒரு கொள்முதல் பட்டியல். எத்தனை சுவிட்ச் (கருவிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி), எத்தனை அக்சஸ் பாயிண்ட் (வைஃபை தரும் கருவி), என்ன ரூட்டர் (உள் வலையை இணையத்தோடு இணைப்பது) என்பதெல்லாம் அதில் முடிவாகியிருந்தன; அவற்றை வைத்து யார் என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, துறை துறையாகச் சென்று பேசிய பிறகே திட்டம் எழுதுவேன் என்றேன். நிர்வாகம் சற்றுத் தயங்கித்தான் ஒப்புக்கொண்டது.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோது எல்லாத் துறைகளிலும் ஒரே பதில்தான் கிடைத்தது: வேகம் வேண்டும். இதை வைத்து எதையும் திட்டமிட முடியாது. ஆகவே, "வலையமைப்பு எவ்வளவு நேரம் நின்றுபோனால் உங்கள் வேலை கெடும்?" என்று கேட்கத் தொடங்கினேன். மாதக் கடைசி நாட்களைத் தவிர மற்ற நாட்களில் அரை நாள்வரை சமாளித்துக்கொள்வோம் என்றார்கள் கணக்குப் பிரிவினர். கீழ்த்தளத்தில் ரசீது போடும் கவுன்டரில் இருந்தவரோ, ஐந்து நிமிடம் நின்றாலே வரிசை வாசலைத் தாண்டிவிடும் என்றார். பிற்பாடு பணத்தை எங்கே செலவிடுவது என்ற பேச்சு வந்தபோதெல்லாம் இந்தப் பதில்களே கைகொடுத்தன: இரட்டை அப்லிங்க்கும் (சுவிட்சை மற்ற வலையமைப்போடு இணைக்கும் கேபிள்) நீண்ட நேரம் தாங்கும் யுபிஎஸ்ஸும் கவுன்டர் சுவிட்சுக்குப் போயின, அதிகம் சத்தம் போட்ட துறைக்கு அல்ல.

கணக்குப் பிரிவினரின் "ரொம்ப ஸ்லோ" என்ற புகாரை அவர்கள் அருகிலேயே உட்கார்ந்து ஒரு மாதக் கடைசியில் கவனித்தேன். அவர்கள் குறை சொன்னது இணைய இணைப்பை. ஆனால் அவர்களுடைய மென்பொருளின் தரவு முழுவதும் உள்ளேயே இருந்த சர்வரின் பகிர்வுக் கோப்புறையில் இருந்ததால், அந்த வேலையில் இணையத்துக்குப் பங்கே இல்லை. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனதில், ஒரு மேசைக்கு அடியில் தூசி அப்பிய, எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) கொண்ட சுவிட்ச் ஒன்று அகப்பட்டது. கணினிகளும் சர்வரும் கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்தில் இயங்கக்கூடியவை. இடையில் இருந்த இதுவோ 100 மெகாபிட் சுவிட்ச், அதாவது ஒரு போர்ட்டின் வழியாக நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் அனுப்ப இயலாதது, அதிலும் ஆறு பேர் ஒரே அப்லிங்க்கைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். இணைய வேகத்தை இரட்டிப்பாக்கும் முன்மொழிவை அன்றே பட்டியலிலிருந்து நீக்கினோம்.

சுவரில் போதிய போர்ட் இல்லாத இடங்களிலெல்லாம் இத்தகைய குட்டிச் சுவிட்சுகள் முளைத்திருந்தன. முன்பொரு நாள் ஒரு தளமே முடங்கிய கதையையும் அங்கேதான் கேட்டேன். தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தோடு காலியாக இருந்த போர்ட்டில் செருகியிருக்கிறார். அதன் மறுமுனை ஏற்கெனவே அதே சுவிட்சில்தான் இருந்தது. அப்படி ஒரு வளையம் உருவானால் எல்லாக் கருவிகளுக்கும் போகும் பிராட்காஸ்ட் செய்திகள் ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்து மற்ற எதற்கும் வழிவிடுவதில்லை. எனவே மேசைக்கு இரண்டு போர்ட் என்பதையும், வளையத்தைக் கண்டறிந்து அந்தப் போர்ட்டை மூடிவிடும் மேனேஜ்டு சுவிட்ச் என்பதையும் விலையைக் காட்டிக் குறைக்க முடியாத நிபந்தனைகளாக எழுதினேன்.

கேபிள் தூரத்தில் வரைபடத்தை நம்பக் கூடாது. செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. அதில் இரு முனைகளின் பேட்ச் கார்டுகள் எனும் குட்டை இணைப்புக் கேபிள்களுக்கு 10 மீட்டர் ஒதுக்கினால், சுவருக்குள் செல்லும் கேபிளுக்கு 90 மீட்டர்தான் மிஞ்சும். வரைபடத்தில் 70 மீட்டராகத் தெரிந்த கடைசி அறைக்கு, கூரைவரை ஏறி, லிஃப்ட் குழியைச் சுற்றி, மறுபடி மேசைவரை இறங்கும் பாதையை நாடா பிடித்து அளந்தபோது 90-ஐத் தாண்டியது. அதனால் அந்தக் கோடியில் சுவிட்ச் வைக்கும் சிறிய ரேக் இன்னொன்றை வைத்து, தளங்களுக்கும் ரேக்குகளுக்கும் இடையில் ஒளி வழியே தரவு அனுப்பும் ஃபைபர் இழுத்தோம். மின்னலாலும் எர்த் வேறுபாட்டாலும் வரும் தொல்லை ஃபைபருக்கு இல்லை என்பது கூடுதல் ஆதாயம்.

கேபிள் வழியாகவே மின்சாரமும் தரும் சுவிட்சுகளின் விவரத் தாளை ஊன்றிப் படிக்க வேண்டும். 24 போர்ட்டுகளிலும் இந்த வசதி உண்டு என்றிருக்கும். மொத்த மின்திறன் 370 வாட் என்பது வேறொரு பக்கத்தில் இருக்கும். போர்ட்டுக்கு 15.4 வாட் என்றால் எல்லாவற்றுக்கும் போதும். 30 வாட் கேட்கும் அக்சஸ் பாயிண்டுகள் என்றால் பன்னிரண்டோடு தீர்ந்துவிடும்.

ஒவ்வொரு கருவிக்கும் தரும் ஐபி முகவரிகளின் பங்கீட்டைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கத்தான் அதிக நேரம் பிடித்தது. பழைய அமைப்பில் அனைத்தும் 192.168.1.0 என்ற ஒரே வலையில், 254 முகவரிகளுக்குள் அடைந்து கிடந்தன. வந்துபோகும் விருந்தினர்களின் கைபேசிகளுக்கும் எட்டு நாள் தவணையில் (அதுவரை வேறு கருவிக்குத் தர முடியாதபடி) முகவரி வழங்கப்பட்டு முகவரிகள் தீர்ந்துபோனதால், காலையில் வந்த பணியாளர்களின் கணினிகளில், முகவரி கிடைக்காதபோது கணினி தானே வைத்துக்கொள்ளும் 169.254 என்று தொடங்கும் பயனற்ற முகவரி தோன்றியிருக்கிறது. அதைக் காட்டி புதிய சுவிட்ச் கேட்டவர்களும் உண்டு. புதிய திட்டத்தில் பணியாளர், விருந்தினர், கேமரா, தொலைபேசி என்று தனித்தனி வி-லேன்கள் (அதே சுவிட்சுகளுக்குள் பிரித்த தனி வலைகள்) பிரித்து, விருந்தினருக்குச் சில மணி நேரத் தவணையே வைத்தோம். வீட்டு ரூட்டர்கள் பல 192.168.1-ஐயே பயன்படுத்துவதால், வீட்டிலிருந்து விபிஎன் எனும் மறையாக்கிய இணைப்பு வழியாக நுழைபவர்களுக்கு இரு பக்கமும் ஒரே முகவரி வந்து குழப்பம் வராமலிருக்க 10 என்று தொடங்கும் வரிசைக்கு மாறினோம். பிரிப்பது எளிது, எது எதோடு பேசலாம் என்பதற்குத்தான் துறைத் தலைவர்களை மறுபடியும் உட்காரவைக்க வேண்டியிருந்தது. பொதுப் பிரிண்டர் எங்கே நிற்கும், காவலர் மேசையிலிருந்து எந்தக் கேமராக்களைப் பார்க்கலாம் என்பவை நிர்வாகம் சொல்ல வேண்டியவை, நான் ஊகிக்கக் கூடாதவை.

ஒப்பந்ததாரருக்கான கடைசித் தவணைப் பணத்தை, ஒவ்வொரு கேபிளுக்கும் அளவீட்டு அறிக்கை வந்த பிறகே தருவதென்று முன்கூட்டியே எழுதிக்கொண்டோம். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கும் சாதாரண டெஸ்டரில் தேறிய சில முனைகள், தரத்தை அளக்கும் கருவியில் தேறவில்லை; உள்கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்து முனை அடித்திருந்தார்கள். அந்த முனைகளை வெட்டி, மறுபடி அடித்து, அறிக்கை சரியாக வந்ததும் பணத்தை விடுவித்தோம்.