ஸ்பாட்சில்வேனியாவில் ஒரு கடைசிக் கடிதம்

வாஷிங்டனிலிருந்து ஐ-95 சாலையில் தெற்கே போனால் ஃபிரெடரிக்ஸ்பர்க். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்பாட்சில்வேனியா போர்க்களம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 மே மாதம், ஜெனரல் கிராண்டின் வடக்குப் படையும், நாட்டிலிருந்து பிரிந்த தென் மாநிலங்களுக்காகப் போரிட்ட ஜெனரல் லீயின் தெற்குப் படையும் இரண்டு வாரம் இங்கே மோதின. செத்தவர்கள், காயப்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் என்று இரு தரப்பிலும் ஏறத்தாழ 30,000 பேர்.

நான் இங்கே வந்தது ஒரு கடிதத்துக்காக. எழுதியவர் ஜேம்ஸ் ராபர்ட் மாண்ட்கோமரி, மிசிசிப்பியிலிருந்து தெற்குப் படைக்கு வந்த சிப்பாய். மே 10 அன்று ஜெனரல் ஹெத்துக்குத் தகவல் கொண்டுபோகும் வேலையில் இருந்தபோது, வெடிகுண்டுச் சிதறல் ஒன்று அவர் வலது தோளைச் சிதைத்துவிட்டது. இனிப் பிழைக்க வழியில்லை என்று தெரிந்ததும் அப்பாவுக்கு எழுதினார். தாளில் இன்றும் ரத்தக்கறை இருக்கிறது.

இதுதான் என் கடைசிக் கடிதம் என்றே தொடங்குகிறார். புலம்பல் இல்லை, வீரப்பேச்சும் இல்லை. தான் இறந்த விவரத்தை நண்பர் எழுதுவார். கல்லறைக்கு அடையாளம் இருக்கும், விருப்பமிருந்தால் வந்து பார்க்கலாம். உடலை ஊருக்குக் கொண்டுபோவதா, இங்கேயே விடுவதா என்பது அப்பாவின் இஷ்டம். அம்மாவும் சகோதரர்களும் அடங்கியிருக்கும் இடுகாட்டில் அடங்கத்தான் ஆசை, ஆனால் அது பெரிய விஷயமில்லை. தெம்பு போகிறது என்று எழுதிய பிறகும் ஒரு வரி சேர்க்கிறார்: குதிரையும் சாமான்களும் உங்களுக்காக இருக்கும். அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. நான்கு நாளில் இறந்துபோனார். கல்லறையைக் குடும்பத்தால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

அப்போது தெற்கில் கடுமையான தாள் பஞ்சம். சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளைக்கூட வெட்டி உறை செய்தார்கள். சிப்பாய்கள் தபால்தலை இல்லாமலே கடிதம் அனுப்ப முடிந்தது. காசைக் கடிதம் பெறும் வீட்டில் வாங்கிக்கொள்வார்கள்.

ஆனால் மிசிசிப்பி அமெரிக்காவிலிருந்து எதற்காகப் பிரிந்தது? அடிமை முறையைக் காக்கத்தான் என்று தன் பிரகடனத்திலேயே அந்த மாநிலம் ஒளிக்காமல் சொன்னது. 1860இல் அங்கே பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். தெற்கின் பல மாநிலங்களில் அவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது சட்டப்படி குற்றம். எங்கோ விற்கப்பட்ட மகன் தன் அப்பாவுக்கு ஒரு வரி போட வழியில்லை. மாண்ட்கோமரிக்காக மனசு கனக்கிறது. அந்த மகன்களை மறந்துவிட்டு இவருக்காக மட்டும் வருந்த என்னால் முடியவில்லை.

அப்புறம் தெற்குப் படையின் அரண்வரிசையில் 'ப்ளடி ஆங்கிள்' (ரத்த வளைவு) என்ற வளைவுக்கு நடந்தேன். அன்று மார்பளவு எழுப்பிய மண் அரண்கள் இப்போது புல் மூடிய தாழ்ந்த மேடுகள். மே 12 அன்று கொட்டும் மழையில் ஏறத்தாழ 20 மணி நேரம் இங்கே நேருக்கு நேர் சண்டை நடந்தது. 22 அங்குலக் குறுக்களவுள்ள கருவாலி மரம் ஒன்று துப்பாக்கிக் குண்டுகளாலேயே அறுபட்டு விழுந்தது. அதன் அடிமரம் வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போர்க்களத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கடிதம் ரிச்மண்டில் உள்ள உள்நாட்டுப் போர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. போகிறவர்கள் அதை முதலில் படித்துவிட்டுப் போங்கள்.